மை பூசாத அச்சும் தொடக்கூடாத படமும்

1

அச்சுத் தொழிலில் ஒரு சொல் புழக்கத்தில் உண்டு. மை தடவாமல், வெறும் அழுத்தத்தினாலேயே தாளில் உருவத்தை மேடாக எழுப்பினால் அதற்குப் 'பிளைண்ட் எம்பாசிங்' என்று பெயர். அதாவது, குருட்டு அச்சு. நிறம் கிடையாது, கண்ணில் சட்டென்று படாது, ஆகவே குருடு. இந்தப் பெயரை வைத்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கண்ணுள்ளவன்தான். கண் தெரியாதவரைக் கேட்டு வைத்திருந்தால் வேறு பெயர் வந்திருக்கும். ஏனென்றால் அச்சகத்திலிருந்து வெளியே வருகிற அத்தனை காகிதத்திலும் அவருக்கு எட்டக்கூடியது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம், அது பெரியாரின் எழுத்தானாலும் பஞ்சாங்கமானாலும், அவர் விரலுக்கு வழவழப்பான வெற்றுத் தாள்.

ஒருவருக்குப் படிக்கக் கிடைக்கிற ஒரே அச்சுக்குக் 'குருடு' என்றும், அவருக்கு வெற்றுத் தாளாக இருப்பதற்குச் 'சாதாரண அச்சு' என்றும் பெயர் வைத்திருக்கிறது இந்த உலகம். பெயர் வைப்பது யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதிகாரமும் இருக்கிறது என்பதை நமக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெயர்களும் தெருப் பெயர்களும் நம்மைக் கேட்டு வைத்தவை அல்ல.

தொடுவதற்கான எழுத்து எப்படி உண்டானது, தொட்டு அறியக்கூடிய அச்சுப் படம் என்று ஒன்று இருக்க முடியுமா, கண் பலவிதமாக இருக்கும் மனிதர்களிடையே ஓவியம் யாருக்குச் சொந்தம் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்து எழுத நினைக்கிறேன். கலை விமர்சகர்கள் மூன்றாவதை மட்டும் பேசுவார்கள், பள்ளிக்கூடக்காரர்கள் முதலாவதை மட்டும். எனக்கு இவை ஒரே கேள்வியாகப் படுகின்றன.

2

பாரீஸில் வாலந்தின் ஆவி என்பவர் கண் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியை 1785 வாக்கில் தொடங்கினார். அதற்கு முன்பு, 1771இல், ஒரு சந்தையில் கண் தெரியாத சிலருக்குக் கோமாளித் தொப்பியும் அட்டைக் கண்ணாடியும் மாட்டி, வாத்தியம் வாசிக்க வைத்து, கூட்டம் சிரித்ததை அவர் பார்த்தார். அந்த அவமானம்தான் தன்னை இந்த வேலைக்குத் தள்ளியது என்று அவரே எழுதியிருக்கிறார். அவருடைய முதல் மாணவன் பிரான்சுவா லெசியர் தெருவில் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த பையன். ஈரத்தாளை எழுத்தின் மேல் வைத்து அழுத்தி, எழுத்தை மேடாக எழுப்பும் முறையை ஆவி உண்டாக்கினார். 1786இல் கண் தெரியாதோர் கல்வி பற்றிய அவருடைய நூல் அப்படி வெளிவந்தது. அச்சிடும் வேலையில் அந்தப் பிள்ளைகளே ஈடுபட்டார்கள்.

ஆவியின் நல்ல மனதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர் செய்தது என்ன? கண்ணுக்கென்று வளைத்து நெளித்து அழகுபடுத்திய பிரெஞ்சு எழுத்தை அப்படியே மேடாக்கினார். கண் ஒரு வரியை ஒரே வீச்சில் பிடித்துவிடும். விரல்நுனிக்கு ஒரு நேரத்தில் ஒரு சிறு இடம்தான். வளைவின் மேல் ஊர்ந்து போய், இது 'ஓ'வா 'க்யூ'வா என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்து போகும். ஆகவே எழுத்தைப் பெரிதாக்கினார்கள், புத்தகம் தூக்க முடியாத கனமானது. பார்க்கிறவர்கள் "ஆகா, குருட்டுப் பிள்ளை நம்ம எழுத்தையே படிக்குதே" என்று வியந்தார்கள். 1786 முடிவில் அந்தப் பிள்ளைகளை வெர்சாய் அரண்மனைக்குக் கூட்டிப் போய் அரசன் முன்னால் படித்துக் காட்டவும் வைத்தார்கள். சந்தையில் நடந்த வேடிக்கை அரண்மனையில் கௌரவமாக நடந்தது என்று நான் சொன்னால் கோபப்படுவீர்கள். ஆனால் இரண்டு இடத்திலும் பார்த்தவர்கள் யார், பார்க்கப்பட்டவர்கள் யார் என்று யோசியுங்கள்.

இந்தப் போக்கு ஆவியோடு முடியவில்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் சாமுவேல் கிரிட்லி ஹோ 1835 வாக்கில் கோண வடிவ ரோமன் எழுத்தை மேடாக அச்சிட்டார். அவருடைய வாதம் இது: கண் தெரியாதவர்களுக்குத் தனி எழுத்து வைத்தால் அவர்கள் சமூகத்திலிருந்து தனியாகப் பிரிந்து போவார்கள், எல்லோரும் படிக்கும் எழுத்தையே அவர்களும் படிக்க வேண்டும். கேட்பதற்கு எவ்வளவு சமத்துவமாக இருக்கிறது! நம்மிடமும் இதே குரலில் பேசினார்கள். பாமாவின் 'கருக்கு' 1992இல் பேச்சுத் தமிழில் வந்தபோது, "எல்லாருக்கும் பொதுவான தமிழில் எழுதக் கூடாதா?" என்று கேட்டவர்களை நான் மறக்கவில்லை. பொது என்பது யாருடைய வாய்க்கு, யாருடைய கண்ணுக்கு ஏற்றது என்று மட்டும் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

பிரைட்டனில் வில்லியம் மூன் 1845இல் ரோமன் எழுத்தைச் சுருக்கி, எளிய கோடும் வளைவுமாக ஒரு முறை செய்தார். மூன் தன் 21 வயதில் பார்வையை இழந்தவர். கண்ணால் படித்துப் பழகியபின் பார்வை போனவர்களுக்கு அது உதவியாக இருந்தது. விரல் அனுபவம் உள்ள ஒருவர் கை வைத்ததும் எழுத்து எளிமையாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும்.

3

லூயி பிரெயில் 1809இல் கூப்வ்ரே என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைக்கும் தோல் தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது தோலைத் துளைக்கும் கருவி ஒரு கண்ணில் பட்டது. நோய் மற்ற கண்ணுக்கும் பரவி இரண்டும் போயின. நம்மில் பலருக்கு இந்தக் கதை பள்ளிப் பாடத்தில் வந்ததுதான். தோல், குத்தூசி என்றதும் நமக்கு வேறு ஞாபகமெல்லாம் வரும். ஆனால் அந்த ஊரில் தோல் வேலை தீட்டு அல்ல, சேணம் தைப்பவர் ஊருக்குள்ளேதான் இருந்தார். எனவே ஒப்பிட்டு உருகுவதை நிறுத்திக்கொண்டு, அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

பத்து வயதில், 1819இல், ஆவி தொடங்கிய பள்ளியில் சேர்ந்தார். 1821 வாக்கில் சார்லஸ் பார்பியே என்ற முன்னாள் படை அதிகாரி புள்ளிகளாலான ஓர் எழுத்து முறையை அந்தப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஒரு கட்டத்துக்கு 12 புள்ளிகள், விரல்நுனிக்கு அது அதிகம். பிரெயில் அதை ஆறாகக் குறைத்தார், மூன்று மூன்றாக இரண்டு வரிசை. இந்த ஆறில் 63 வடிவங்கள் கிடைக்கும். 1824க்குள் ஏறக்குறைய முடித்துவிட்டார், அப்போது வயது 15. 1829இல் நூலாக வந்தது.

இதில் இருக்கும் புரட்சியைப் பலரும் சரியாகச் சொல்வதில்லை. கண்ணுள்ளவனின் எழுத்துச் சாயல் எதுவும் இதில் இல்லை. 'ஏ' என்ற வடிவத்தை நினைவூட்ட வேண்டிய கடன் அதற்குக் கிடையாது. விரல்நுனியின் அளவு என்ன, அதற்கு எது சட்டென்று பிடிபடும் என்ற ஒன்றிலிருந்து மட்டும் அது பிறந்தது. அதனால்தான் எதிர்ப்பு வந்தது. 1840இல் பொறுப்பேற்ற பள்ளித் தலைவர் துஃபோ அதை ஒதுக்கிவிட்டு, கிளாஸ்கோவில் ஆல்ஸ்டன் செய்த மேடான ரோமன் எழுத்தைக் கொண்டுவந்தார். மாணவர்கள் மறைத்து மறைத்துப் புள்ளியிலேயே எழுதினார்கள். தடுத்தாலும் பிள்ளைகள் கைவிடாத எழுத்து அது. 1844இல் புதிய கட்டடத் திறப்பு விழாவில் அது மறுபடி மேடையேறியது. பிரெயில் 1852இல் இறந்தார். பிரான்ஸ் அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854இல். அமெரிக்காவில் பல புள்ளி முறைகளுக்கிடையே பல பத்தாண்டுகள் சண்டை நடந்து, ஆங்கிலத்துக்கு ஒரே பிரெயில் என்று 1932இல்தான் முடிவானது. அதுவரை ஹெலன் கெல்லர் போன்றவர்கள் ஒரே மொழியைப் பல எழுத்துகளில் படித்தார்கள்.

பிரெயில் பலகையில் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? தாளைப் பலகையில் மாட்டி, வலமிருந்து இடமாக, எழுத்தின் கண்ணாடிப் பிம்பத்தைக் குத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு தாளைத் திருப்பினால் புள்ளி மேடாக, இடமிருந்து வலமாகப் படிக்கலாம். மரக்கட்டையில் படம் வெட்டுகிற கலைஞன் செய்வதும் இதுதானே? தலைகீழாகச் செதுக்கி, அழுத்தி, திருப்பிப் பார்ப்பது. நான் சில வருஷம் ஒரு சிறிய அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தேன். ஈய எழுத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தால் வேலை நடக்காது. எழுத்தின் உடம்பில் ஒரு பள்ளக்கோடு இருக்கும், பெருவிரல் அதைத் தடவியே எது மேல், எது கீழ் என்று அறிந்து ஸ்டிக்கில் அடுக்கிவிடும். பார்க்கும் உலகத்துக்கான அத்தனை புத்தகத்தையும் ஒரு காலத்தில் தொழிலாளியின் விரல்தான் கோத்துக் கொடுத்தது. அச்சுக் கலையின் அடியில் தொடுதல் இருக்கிறது. தாள் வெளியே வரும்போது அதை வழித்துத் துடைத்துவிட்டுக் கண்ணிடம் கொடுக்கிறார்கள்.

தமிழ்ப் பிரெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய மொழிகளுக்கு முன்பு வெவ்வேறு புள்ளி முறைகள் இருந்தன. 1951இல் பாரதி பிரெயில் என்று பொதுவாக்கினார்கள். அதில் 'க' என்பது முதல் புள்ளியும் மூன்றாம் புள்ளியும். ஆங்கில 'கே'க்கும் அதுதான், இந்தி, வங்காளி 'க'வுக்கும் அதுதான். எங்கள் எழுத்தின் வளைவைப் பார், உங்கள் எழுத்தின் தலைக்கோட்டைப் பார் என்ற பெருமையெல்லாம் விரலிடம் செல்லாது. இன்னொன்று, 'கொ' என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் கொம்பு, பிறகு க, அப்புறம் கால் என்று ஓர் ஒலி இரண்டு பக்கமும் பிளந்து நிற்கும். பிரெயிலில் க, அதற்கடுத்து ஒ. வாய் சொல்லும் வரிசையிலேயே விரலும் போகிறது. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இந்தக் கொம்பு எவ்வளவு தொல்லை என்று தெரியும். விரல் அந்தத் தொல்லையை எப்போதோ தீர்த்துவிட்டது. நம் எழுத்துச் சீர்திருத்தக்காரர்கள் யாராவது பிரெயில் படிப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

4

எழுத்து சரி, படம்?

எனக்கொரு நண்பர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், ஆசிரியர், நம் சனம். எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை அவரிடம் கொடுத்தேன். மேலே இரண்டு கையும் ஒரு குத்துவிளக்கும் எம்பாஸ் செய்தது. தடவிப் பார்த்துவிட்டு, "ஏதோ மேடும் பள்ளமுமா இருக்குப்பா. என்னன்னு தெரியல. கரப்பான்பூச்சியா?" என்றார். சிரித்தோம். பிறகு விளக்கென்று சொன்னதும், "வெளக்கு இப்படியா இருக்கும்? வெளக்க நான் கையில புடிச்சிருக்கேனே, உருண்டையால்ல இருக்கும்" என்றார்.

அவர் சொன்னதில் ஓவிய இயலின் பெரிய பிரச்சினை அடங்கியிருக்கிறது. கோட்டுருவம் என்பது ஒரு பொருளை ஓர் இடத்தில் நின்று பார்க்கிற கண்ணுக்குத் தெரியும் விளிம்பு. தொலைவிலிருப்பது சிறிதாகவும் கிட்டத்திலிருப்பது பெரிதாகவும் தெரிவது கண்ணுக்கு மட்டும் உண்டான நியதி. கைக்கு எல்லாப் பொருளும் அதன் அளவில்தான் இருக்கின்றன. ஆகவே கண்ணுக்கு வரைந்த படத்தை மேடாக எழுப்பிவிட்டால் அது தொடும் படமாகிவிடாது. ஆவி எழுத்தில் செய்ததை நாம் இன்று படத்தில் செய்துகொண்டிருக்கிறோம். புகழ்பெற்ற ஓவியத்தை மேடு பள்ளமாக்கி, கண் தெரியாதவர் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து, புகைப்படம் எடுத்துப் போடுகிறார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறவர் குறைவு.

அப்படியானால் தொடுதலிலிருந்தே பிறந்த அச்சுப் படம் உண்டா? உண்டு. நம் நாட்டிலேயே உண்டு. அதைச் செய்தவர் கண் தெரியாதவர்களை மனதில் வைத்துச் செய்யவில்லை என்பதுதான் விசேஷம்.

5

சோம்நாத் ஹோர் 1921இல் சிட்டகாங்கில் பிறந்தவர், 2006இல் சாந்திநிகேதனில் இறந்தார். 1943 வங்கப் பஞ்சத்தைச் சித்தபிரசாத் போன்றவர்களோடு சேர்ந்து வரைந்து பதிவு செய்தார். கம்யூனிஸ்ட் கட்சியின் ஊழியர். 1946இல் தேபாகா போராட்டம் நடந்த ரங்பூர் பகுதிக்குப் போய் குத்தகை விவசாயிகளின் கூட்டத்தை, அறுவடையை, முகங்களை வரைந்தார், நாட்குறிப்பும் எழுதினார். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கு என்பது கோரிக்கை. அந்தக் காலத்து மரச்செதுக்கு அச்சுகளில் கருப்பும் வெள்ளையும் முட்டி மோதும். பார்த்தவுடன் பிடித்துக்கொள்ளும்.

1970களின் தொடக்கத்தில் அவர் 'காயங்கள்' என்ற வரிசையைத் தொடங்கினார். வெளியே வியட்நாம் போர், உள்ளே வங்காளத்தில் தெருவில் இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட காலம். களிமண் அல்லது மெழுகுப் பலகையைக் கத்தியால் கீறினார், காய்ச்சிய கம்பியால் சுட்டார். அதன் மேல் சிமெண்ட் ஊற்றி அச்சு எடுத்தார். அந்த அச்சில் காகிதக் கூழை வைத்து அழுத்தி, காய வைத்து உரித்தார். மை இல்லை, நிறம் இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைக் காயம். பிளவு, பொத்தல், சுட்ட வடு, தோல் வழண்டது போல் ஒரு மேடு. பல தாள்களில் மனித உருவமே கிடையாது.

ஒரு கண்காட்சியில் இவற்றில் சிலவற்றைப் பார்த்தேன். நேரே விளக்கு அடித்திருந்த இடத்தில் எதுவும் தெரியவில்லை, சட்டத்துக்குள் ஒரு வெள்ளைத் தாள் மாட்டியிருப்பது போல. பக்கவாட்டில் போய் நின்றபோது நிழல் விழுந்தது, காயம் எழுந்தது. அட்டவணைப் புத்தகத்தில் அச்சிட்ட புகைப்படத்திலோ பாதி காணாமல் போய்விட்டது. இந்தப் படங்களுக்கு முன் நல்ல கண் உள்ளவனும் தடுமாறுகிறான். வெளிச்சத்தைப் பிச்சை கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. இருட்டறையில் இதே தாளை ஒரு கையில் கொடுத்தால், கை ஒரு நொடியில் சொல்லிவிடும், இங்கே கீறியிருக்கிறது என்று.

கல்யாணப் பத்திரிகை விளக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: அது விளக்கின் படம், கைக்கு விளக்காக இல்லை. ஹோருடைய கீறல் எதனுடைய படமும் இல்லை. கத்தி போன தடம் அப்படியே தாளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கண்ணுக்கும் விரலுக்கும் இடையே மொழிபெயர்ப்பு தேவைப்படாத இடம் அது. தழும்பு எப்படி இருக்கும் என்று எந்த விரலுக்கும் தெரியும். அதிலும் நம் சனத்தின் விரலுக்கு.

இங்கே ஹோரிடம் எனக்கொரு வழக்கு இருக்கிறது. ரங்பூரில் அவர் வரைந்தவர்களுக்கு ஊர் இருந்தது, முகம் இருந்தது, சாதியும் இருந்தது. வட வங்காளத்துத் தேபாகாவில் முன்னணியில் நின்றவர்களில் ராஜ்பன்ஷிகளும் ஆதிவாசிகளும் ஏழை முஸ்லிம்களும் அதிகம். 25 வருஷம் கழித்துக் 'காயங்கள்' வரும்போது முகம் போய்விட்டது. யாருடைய காயம்? எவன் வெட்டியது? கேட்டால் 'மனிதகுலத்தின் காயம்' என்று விமர்சகர்கள் பதில் எழுதுகிறார்கள். மனிதகுலம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வரும். கீழவெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்ததும் மனிதகுலத்தின் காயம்தான் என்று சொல்லிவிட்டால், பண்ணையார் தப்பித்துக்கொள்வார்.

இந்த வழக்கை நான் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் எதிர்த்தரப்பில் ஒன்று சொல்ல வேண்டும். முகத்தைக் காட்டுகிற படத்துக்கு ஒரு ஆபத்து உண்டு. எலும்புக்கூடாய்க் கிடக்கும் பஞ்சப் பிணத்தை, எரிந்த குடிசை முன்னால் நெஞ்சிலடிக்கும் கிழவியைப் பத்திரிகையில் பார்க்கிறவன் "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவான். நம் துயரம் அவன் கண்ணுக்குத் தீனி. ஹோர் அந்தத் தீனியைக் கொடுக்க மறுத்தார். எட்டி நின்று பார்த்தால் வெற்றுத் தாள், தெரிய வேண்டுமானால் கிட்டே வா என்கிறார். பரிதாபப்படுவதற்கு ஒரு தூரம் தேவைப்படுகிறது. தொடுவதற்கு அந்தத் தூரம் கிடையாது. முகத்தையும் பெயரையும் வைத்துக்கொண்டே இந்தத் தூரத்தை அழிக்க முடியுமா என்பதுதான் நம் ஓவியர்கள் எடுத்துச் செய்ய வேண்டிய மீதி வேலை.

6

சாந்திநிகேதனிலேயே இன்னொருவர் இருந்தார், பினோத் பிஹாரி முகர்ஜி. 1904இல் பிறந்தவர். பிறக்கும்போதே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் கிட்டப்பார்வை. அந்த அரைப் பார்வையோடுதான் 1946-47இல் இந்தி பவனச் சுவரில் கபீர், சூர்தாஸ் முதலான மத்திய காலத் துறவிகளை வரைந்தார். 1957 வாக்கில் அறுவைச் சிகிச்சை தோற்று முழுப் பார்வையும் போனது. 1980இல் இறக்கும்வரை வேலையை நிறுத்தவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார், மெழுகிலும் களிமண்ணிலும் உருவம் பிசைந்தார், லித்தோ அச்சும் செய்தார், 1972இல் ஓடு பதித்த ஒரு பெரிய சுவர்ப்படத்தையும் செய்து முடித்தார். அதே ஆண்டு சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். பெயர் 'தி இன்னர் ஐ', அகக்கண்.

ராய் அவருடைய மாணவர், படம் மரியாதையோடு எடுக்கப்பட்டது. எனக்குச் சிக்கல் அந்தத் தலைப்போடுதான். புறக்கண் போனால் அகக்கண் திறக்கும் என்பது கண்ணுள்ளவர்களின் ஆறுதல். கண் இல்லாத இடத்திலும் இன்னொரு கண்ணைக் கொண்டுபோய் வைக்காமல் அவர்களால் யோசிக்க முடியவில்லை. பினோத் பிஹாரி பார்வை போனபின் செய்ததில் விரல் இருக்கிறது, கத்தரிக்கோலின் பிடி இருக்கிறது, 40 வருஷக் கைப்பழக்கம் இருக்கிறது. உழைப்பு அது. உழைப்பை 'அகம்' என்று சொல்லி ஆன்மிகமாக்கிவிட்டால் யாரும் கூலி கொடுக்க வேண்டாம், கருவி கொடுக்க வேண்டாம், பாடப்புத்தகமும் அடிக்க வேண்டாம். அகக்கண் உள்ளவருக்கு பிரெயில் எதற்கு?

அவரைச் சுற்றி ஒரு கலாபவன் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், வேலை இருந்தது. சத்துக்குறைவால் கண் போன ஒரு கூலிக்காரர் பிள்ளைக்கு, கல்லுடைக்கும்போது சில்லு தெறித்துக் கண் போனவருக்கு, இதெல்லாம் இல்லை. கண் எப்படிப் போகிறது என்பதிலும் வறுமை இருக்கிறது, போனபின் என்ன ஆகிறார் என்பதிலும் இருக்கிறது.

தமிழில் இந்தக் கண் மோகம் இன்னும் பழையது. கல்விக் கண் திறந்தவர் என்கிறோம். குறள், கற்றவருக்குத்தான் கண் உண்டு, கல்லாதவர் முகத்தில் இருப்பவை இரண்டு புண் என்று தீர்ப்புச் சொல்கிறது. யாரைக் கல்லாமல் வைத்தார்கள் என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் இல்லை. எழுத்தைத் தடுத்து வைத்தவனுக்குக் கண், தடுக்கப்பட்டவனுக்குப் புண்! ஹோரின் தாள்களைப் பார்த்தபோது எனக்கு இந்தப் புண் ஞாபகம்தான் வந்தது. புண்ணையே படிக்க முடியும், புண்ணும் ஓர் எழுத்துதான் என்று அந்தத் தாள்கள் குறளுக்கு எதிராக வாதாடுவதாக நான் எடுத்துக்கொண்டேன்.

7

பார்ப்பதும் தொடுவதும் நம் நாட்டில் வெறும் புலன்கள் அல்ல. 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளிதழில் ஒரு செய்தி வந்தது. திருநெல்வேலிச் சீமையில் புதிரை வண்ணார்களைக் கண்ணால் கண்டாலே தீட்டு, ஆகவே அவர்கள் பகலில் வெளியே வரக்கூடாது, இரவில்தான் துணி வெளுக்க வேண்டும் என்று. அதே சீமையில், பாளையங்கோட்டையில், ஆஸ்க்வித் அம்மையார் 1890இலேயே கண் தெரியாதவர்களுக்குப் பள்ளி தொடங்கி, விரலால் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாகிவிட்டது. ஒரு பக்கம் விரல் எழுத்தைத் தொடுகிறது, இன்னொரு பக்கம் கண்ணே தீண்டாமையைச் செய்கிறது. பார்வை என்பது தானாகவே நல்லது என்று நம்புகிறவர்கள் இந்தச் செய்தியைப் படிக்க வேண்டும்.

அருங்காட்சியகங்களில் 'தொடாதீர்' என்ற பலகையைப் பார்க்கும்போது என் உடம்பு ஒருமுறை சுருங்கும். அதுவும் ஊர்க்கிணற்றுக் கட்டுப்பாடும் ஒன்று என்று சொல்லமாட்டேன். வியர்வையும் எண்ணெயும் பட்டால் தாள் கெட்டுவிடும் என்பது உண்மை. காகிதக் கூழ் அச்சு ஆயிரம் விரலைத் தாங்காது. ஆனால் அச்சுக் கலை என்பதே ஒன்றைப் பலவாக்கும் கலை. ஒரு படியைக் கண்ணாடிக்குள் வைத்துக்கொள், தொடுவதற்கென்று இன்னொரு படி எடுத்து மேசையில் போடு. 'காயங்கள்' போன்ற ஒரு வரிசைக்குக்கூட இதைச் செய்ய மறுப்பதற்குக் காரணம் பாதுகாப்பு மட்டுமல்ல. தொட்டால் அதன் மதிப்பு குறைந்துவிடும் என்ற பயம். ஒரு பொருளின் உயர்வு அதை எத்தனை பேர் தொடக்கூடாது என்பதில் இருக்கிறது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக நம் பக்கம். "இப்ப செல்போனே படிச்சுக் காட்டுதே, புள்ளி எதுக்கு?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். அந்த ஆசிரிய நண்பரிடம் இதைச் சொன்னேன். "கேட்டா கதை தெரியுது, எழுத்து தெரியல. ஒரு பேரை எந்த ர-வுல எழுதுறான்னு காது சொல்லாது. எழுதணும்னா எழுத்து வேணும்ல?" என்றார். கேட்பதோடு நின்றுவிட்டால் அவர் வாசகர், எழுத்து கையில் வந்தால்தான் எழுத்தாளர். மேலும், செல்போன் படித்துக் காட்டும் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நம் சிற்றிதழ்களின் பழைய பக்கங்களைப் படமாக ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். யூனிகோடுக்கு முந்தைய பலவகை எழுத்துருக்களில் கோத்தவை வேறு கிடக்கின்றன. அவர் போனுக்கு அவை வெறும் வெள்ளைத் தாள், அல்லது உளறல். விடுதலை பற்றி முப்பது வருஷமாக நாம் எழுதியதில் பெரும்பகுதி அவருக்கு எட்டவில்லை.

எனவே மூன்று வேலைகள். பழைய இதழ்களை மறுபடி தட்டச்சு செய்து யூனிகோடில் போடுவது முதல் வேலை. ஆளுக்கு ஒரு இதழ் எடுத்தால் மாணவர்களால் முடியும். இரண்டாவது, நம் கதை, கவிதை, தன்வரலாறுகளிலிருந்து ஒரு தொகுப்பைத் தமிழ்ப் பிரெயிலில் கொண்டுவருவது. எதைச் சேர்ப்பது என்று தேர்வு செய்யும் குழுவில் பிரெயில் படிக்கிறவர்கள் இருக்க வேண்டும், மேடையில் உட்கார்த்தி வைப்பதற்காக அல்லாமல் முடிவு சொல்வதற்காக. மூன்றாவது நம் ஓவியர்களுக்கு: லினோ வெட்டுகிறீர்கள், மரத்தில் செதுக்குகிறீர்கள், நன்றாகச் செய்கிறீர்கள். அடுத்த முறை மை தடவுவதற்கு முன்னால் ஒரு தாளை நனைத்து, வெட்டிய பலகையின் மேல் வைத்து அழுத்தி எடுங்கள். அதை ஒரு கண் தெரியாத தோழரிடம் கொடுத்து, என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவர் "கரப்பான்பூச்சியா?" என்று கேட்டால், இன்னொரு பலகை எடுத்து மறுபடி வெட்டுங்கள்.